நேசையன் போட்ட தரை

யார் வீட்டுக்குப் போனாலும் நேசையன் கொத்தனார் முதலில் குளியலறைக்குத்தான் போவார். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார், செருப்பைக் கழற்றுவார், வலது குதிகாலை ஊன்றி இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பு. என் வீட்டுத் தரையையும் இழுத்துப் பார்த்தார். "ஆளு விழும் சார். எப்பம்னு சொல்ல முடியாது, ஆனா விழும்" என்றார். ஊரிலேயே விலை கூடிய டைல்ஸ் அது. எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்ய, வந்தவருக்குக் காப்பி கொடுத்தேன்.

வயது அறுபத்து மூன்று. வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு தட்டைப் பென்சில். தோளில் தொங்கும் துணிப்பையில் ரசமட்டமும் கோர்ட்டுக் காகிதங்களும் ஒன்றாகக் கிடக்கும். கோட்டாற்றில் ஒரு துணிக்கடைக்காரர் ஆசையாகப் பதித்த பளிங்குப் படியை இவர் ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்ததில், உள்ளே வர இருந்த கூட்டம் தெருவிலேயே நின்றுவிட்டது. வடசேரி பஸ் ஸ்டாண்டு நடைமேடை அவருடைய சோதனையில் பாஸ். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதும் அந்தக் குதிகால் சும்மா இருக்காது. தெரியாதவர்கள் பிராந்து என்பார்கள். தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தெரிந்த விஷயம் இதுதான். எட்டு வருடத்துக்கு முன்னால், காணாமல்போன ஒரு பைக்கைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று, அவருடைய மகன் ஷாஜனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். இருபத்துநாலு வயது, ஒயரிங் வேலை. மறுநாள் காலையில் உடலைத்தான் கொடுத்தார்கள். கழிவறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதாக எழுதியிருந்தது. உடம்பில் பதினேழு காயம். ஒரே தடவை வழுக்கிப் பதினேழு இடத்தில் அடிபட ஒரு திறமை வேண்டும். பைக் அடுத்த வாரமே கிடைத்தது, பூதப்பாண்டியில் அதன் சொந்தக்காரருடைய மச்சான் வீட்டில். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது, என் வீட்டிலும் கழிவறை இருக்கிறது.

வழுக்கியதாக எழுதினவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்தத் தரையைப் போட்டதே நேசையன்தான். ஸ்டேஷன் கட்டும்போது ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றவர் அவர். பூச்சு இறுகும் முன்னே சணல் கயிற்றை அழுத்தி அழுத்தி எடுத்து, நெருக்க நெருக்கமாக வரி போட்டிருக்கிறார். "வெள்ளம் தேங்கி நிக்கப்பிடாது, காலும் வழுக்கப்பிடாது. நாயி ஓடுனாலும் வழுக்காது சார், அப்பிடியாக்கும் போட்டது. எனக்க மவனுக்கு மட்டும் வழுக்கிட்டாம்."

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி சத்தியபாய் ஒரு கேள்வி கேட்டாராம். "நீங்க போட்ட தரதானா அது?" குத்திக் கேட்கவில்லை, அழுதுகொண்டே கேட்டது. "அந்தக் கேள்வி அண்ணைக்கு ஏறுனதாக்கும். எறங்கல்ல" என்று நேசையன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அன்றைக்குக் கயிறு சரியாகப் பதியாமல் போயிருந்தால்? ஆட்கள் நடந்து நடந்து வரி தேய்ந்திருந்தால்? "கொன்னது அவனுவளா, எனக்க கொத்துக்கரண்டியான்னு தெரியணும் சார்." பதினேழு காயத்தை நான் நினைவுபடுத்தினேன். "அது கோர்ட்டுக்கு. இது எனக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளையையும் கொன்று, பழியை அப்பன் கையிலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவிகள்!

அவர் எட்டாம் வகுப்பு. தகவல் கேட்டு மனு எழுதியது வக்கீல் லட்சுமிப்ரியா, கேள்விகள் நேசையனுடையவை. நிலையத்துக் கழிவறையில் பத்து ஆண்டுகளில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் காவலர்கள் எத்தனை பேர்? இப்போது அங்கே கிடக்கும் டைல்ஸ் பதித்த தேதி என்ன? பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது என்று முதலில் பதில் வந்தது. கழிவறைத் தரையில் அப்படி என்ன ராணுவ ரகசியமோ! மேல்முறையீடு போட்டு, ஒன்றரை வருடம் அலைந்து, பதில் வாங்கினார். விழுந்தவர்: ஒருவர். காவலர்: எவருமில்லை. டைல்ஸ் பதித்தது ஷாஜன் இறந்த இருபத்தாறாம் நாள். தாளை எனக்கு வாசித்துக் காட்டி, நாலாக மடித்துப் பையில் வைத்தார். "அவனுவளுக்கு நல்ல காலு" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆக, பழைய தரை டைல்ஸுக்கு அடியில் கிடக்கிறது. பெயர்த்துப் பாருங்கள் என்று லட்சுமிப்ரியா கோர்ட்டில் கேட்டார். அதற்குள் மூன்று மாஜிஸ்திரேட்டுகள் மாறிப்போனார்கள். நாலாவதாக வந்தவர், நேரில் பார்க்கிறேன் என்று போன மாதம் ஒரு தேதி வைத்தார்.

அன்றைக்கு நானும் ஸ்டேஷன் கழிவறைக்கு வெளியே நடையில் ஓரமாக நின்றேன். பெயர்க்க வந்த கொத்தனார் உளியை நெட்டுக்குத்தாகப் பிடித்தார். நேசையனுக்குப் பொறுக்கவில்லை. "சாய்ச்சுப் பிடி மக்கா, சாய்ச்சு. அடித்தர பொட்டிரப்பிடாது." அவசரத்தில் பதித்த டைல்ஸ், அடம்பிடிக்காமல் கழன்றது. மண்ணையும் சாந்தையும் பிரஷ்ஷால் தள்ளியதும் வரி தெரிந்தது. கயிற்றின் முறுக்குக்கூட அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீங்க போட்டதுதானா? பாத்துச் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

நேசையன் செருப்பைக் கழற்றினார். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வரி பிடித்து ஓடி மூலைத் துளையில் இறங்கியது. நாங்கள் எல்லோரும் அவருடைய குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மிதிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார் லட்சுமிப்ரியா, மெதுவாக.

"இதுல எப்பிடிம்மா மிதிப்பேன்?" என்றார் நேசையன். "இதுலல்லா அவனைக் கெடத்திப் போட்டிருந்தானுவ."

நிலைப்படிக்கு வெளியிலேயே குந்தினார். கையை நீட்டி, ஈரத்தில் உள்ளங்கையை ஊன்றி இழுத்தார். கை வழுக்கவில்லை. அவரும் அதை எடுக்கவில்லை.