கரண்ட் போனால் வரும் போன்

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அது ஒயரோடு வருவதுதான். என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, எதுவாக இருந்தாலும் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் எங்கள் செட்டுதான் போகும். தென்னை மரத்தில் கோன் ஸ்பீக்கரைக் கட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்து, பந்தல் ஓரமாக ஆம்ப்ளிபயரை வைத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆள் கிடைக்காத நாளில் நானே ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து கேசட் மாற்றியிருக்கிறேன். மைக் செட்டுக்காரர் வீட்டம்மா என்றால் கடைத்தெருவில் இன்றைக்கும் உட்கார நாற்காலி போடுவார்கள்.

அதனால், அவருக்கு முதல் வருஷ திதி கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்த என் மகன், வீடு முழுக்க ஒயர் இல்லாமல் பாட்டு வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஒயரு இல்லாம பாட்டு எப்டிடா வரும்? காத்துல பறந்தா வரும்?"

"ஆமாம்மா, பறந்துதான் வரும்."

"அப்ப உங்கப்பா மரம் மரமா ஏறனதெல்லாம் வீணா?"

"அப்பா ஏறனது ஊருக்கு. இது நம்ம வீட்டுக்கு. சமையல்கட்டுல ஏது தென்ன மரம்?"

பரண் மேல் இருந்த கேசட் பெட்டிகளை எல்லாம் இறக்கினான். பூஞ்சை பிடித்ததைப் பஞ்சால் துடைத்து, அவன் அப்பாவின் பழைய டெக்கில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒரு கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். லீவு முழுக்க இதற்கே போய்விட்டது. வெளியே எங்கும் போகவில்லை. எனக்கு அது குறையாக இல்லை.

எல்லாப் பாட்டும் கடைசியில் ஒரு செங்கல் அளவுக் கறுப்புப் பெட்டிக்குள் போய்விட்டது. அதைக் கூடத்தில் மோடம் பக்கத்தில் வைத்தான். சமையல்கட்டில் ஒரு ஸ்பீக்கர், கூடத்தில் ஒன்று, என் கட்டில் தலைமாட்டில் ஒன்று. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துச் சுவர். வைஃபை சமையல்கட்டு வாசலோடு நின்றுவிட்டது. பாட்டு விக்கி விக்கி வந்தது. நடையில் இன்னொரு சின்னக் கருவியை மாட்டி, அதை ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம் என்று நகர்த்திக்கொண்டே இருந்தான். சமையல்கட்டில் நின்று கேட்டுச் சொல்ல என் நாத்தனாரை நிறுத்தியிருந்தான். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். அவள் புருஷன் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். துணைக்கு நல்ல துணை, வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

"அத்த, வருதா?"

"வந்திச்சி... போயிடுச்சி... ஆங், வந்திச்சி. தோ, மறுபடியும் பூட்ச்சி. உன்ன மாதிரியேதான்டா இருக்குது, வந்த ஒடனே போவுது!"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்காக என் போனில் ஸ்பீக்கர் பெயருக்குப் பதிலாகப் படம் போட்டுக் கொடுத்தான். அடுப்புப் படத்தைத் தொட்டால் சமையல்கட்டில் பாடும். நாற்காலியைத் தொட்டால் கூடத்தில். கட்டிலைத் தொட்டால் தலைமாட்டில். ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குப் பெட்டியைத் தட்டிக் காட்டி, "நான் அங்கேர்ந்தும் இத்த கேக்கலாம்மா. பாட்டு இங்கேர்ந்துதான் வரும்" என்றான்.

"ஜெர்மனிக்கா?"

"ட்ரெய்ன்ல போறப்பகூட கேக்கலாம்."

நான் அதை அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

என் மகன் கெட்டவன் இல்லை. பேசத் தெரியாதவன். அவன் அப்பா இருந்தவரைக்கும் போன் அவர்கள் இருவருக்கும்தான். ஸ்பீக்கர், மோட்டார், என்ன மாதிரி ஒயர், அங்கே பனி எப்படி என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் என்னிடம் கொடுப்பார். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்பா." அவ்வளவுதான். அவர் போன பிறகு அந்தக் கடைசி மட்டும் மிச்சம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடுவான். நானாகக் கூப்பிடமாட்டேன். பெற்றவளை அவன்தான் விசாரிக்க வேண்டும். நான் ஏன் போய் அவன் வேலைக்கு நடுவில் நிற்க வேண்டும்? என் சுபாவம் அப்படி.

அவன் போன பிறகு ஒரு நாள் மதியச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். வீட்டில் எந்த ஸ்பீக்கரும் பாடவில்லை. ஆனால் கறுப்புப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாம் பாட்டு வைத்தால்தான் அது அப்படி அடிக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து, எங்கள் தெருவுக்கு நெட் கொடுக்கிறவரை வரச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "கெடலாம் இல்லம்மா. உங்க பையன் அங்கேர்ந்து பாட்டு கேக்கறாரு, அதான்" என்றார்.

நான் உலை வைக்கிற நேரம் அவனுக்குக் காலை. ரயில் ஏறி வேலைக்குப் போகிற நேரம். அன்றிலிருந்து அந்த நேரத்துக்குக் கூடத்தில்தான் காய் நறுக்குவேன். விளக்கு அடிக்க ஆரம்பித்தால் ரயில் ஏறிவிட்டான் என்று தெரியும். விளக்கு அடங்கினால் இறங்கிவிட்டான். அவன் என்ன சட்டை போட்டிருப்பான், உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டே நறுக்குவேன்.

அப்புறம் ஒரு நாள் அதே நேரத்தில் கரண்ட் போனது. ஈ.பி.யில் லைன் வேலை. காற்றாடி நின்று இறக்கை அடங்குவதற்குள் என் போன் அடித்தது.

"அம்மா, அங்க கரண்ட் போச்சா?"

"ஆமாம்பா. உனக்கு எப்டித் தெரியும்?"

"பாட்டு நின்னுபோச்சிம்மா."

பாட்டு இல்லாததால் அவனுக்கு ரயிலில் வேறு வேலை இல்லை. கரண்ட் வருகிற வரைக்கும் பேசினான். என்ன குழம்பு என்றான். கத்தரிக்காய் புளிக்குழம்பு என்றேன். எண்ணெய் கத்தரிக்காயா, சும்மா போடுவதா என்று கேட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் நாயோடு வந்திருக்கிறார் என்றான். நாய்க்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டேன். அவன் சிரித்தது காதுக்குள்ளேயே கேட்டது. அவன் அப்பா போன பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அடுத்த தடவை கரண்ட் போனபோதும் கூப்பிட்டான். அதற்கடுத்து வெயில் குறைந்து மழை வந்தது. கரண்ட் போகவே இல்லை. ஊருக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு மட்டும் கரண்ட் மேல் கோபம்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு நாள் விளக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குக் கரண்ட் போகிற சுவர் சுவிட்சை நானே அணைத்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைப்பதற்குள் போன் வந்தது.

"மறுபடியும் போய்டுச்சாம்மா?"

"போய்டுச்சிபா. என்னா பண்றது?"

அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் சமையல்கட்டில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள்.

"மிக்ஸி ஓடற சத்தம் கேக்குதே?"

"அது பக்கத்து வூடு."

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் கரண்ட் இருக்குதா?"

"அவங்க வேற லைனு" என்றேன். நம்பிவிட்டான். பேசி முடித்ததும் நாத்தனார் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, நான் எப்ப பக்கத்து வூடு ஆனேன்? சுவிட்ச அணைச்சி அணைச்சி புள்ளய வரவெக்கறீங்களே, அந்தப் போன நீங்களே எடுத்துப் போட்டா வெரலு தேஞ்சிடுமா?"

"உன் சட்னியப் போய் பாரு."

வாரத்துக்கு ஒரு தரம், சில வாரம் கூடவே கொஞ்சம், எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

பிறகு நெட்காரர் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். "உங்க பையன் மாட்டச் சொன்னாரும்மா. பேட்டரி. அங்க கரண்ட் ரொம்பப் போவுது, அம்மாவுக்குக் கஷ்டம், பாட்டும் நிக்கிதுன்னாரு. இத்த மாட்டிட்டா கரண்ட் போனாலும் பெட்டியும் மோடமும் ஓடும்."

"வேணாம் தம்பி. இருக்கறதே போதும்."

"காசெல்லாம் அவரே குடுத்துட்டாரும்மா."

மாட்டிவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் தெரு முனையைத் தாண்டுகிறவரைக்கும்தான் அவளால் சிரிப்பை அடக்க முடிந்தது.

அடுத்த நாள் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். விளக்கு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. போன் வரவில்லை. அந்த வாரம் பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டத்தில் ஊரில் யார் போனும் யாருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டம் கலைந்தது, பஸ்கள் போயின, தெருவைக் கூட்டினார்கள். அப்போதும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "இப்ப தொந்தரவு இல்லயேம்மா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா."

என் மேல் அக்கறைப்பட்டுத்தான் அதைச் செய்தான். அதில் அவனை என்ன குறை சொல்வது? ஆனாலும் காய் நறுக்கக் கூடத்துக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு மதியம் நிஜமாகவே கரண்ட் போனது. தெரு முழுக்கப் போய்விட்டது. நாத்தனார் விசிறியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். விளக்கு மட்டும் பேட்டரியில் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பேட்டரில ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தட்டா அண்ணி?"

தண்ணி எதற்கு? பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயர் எது என்று எனக்குத் தெரியாதா? கீழே குந்தி, ஒயரைப் பிடித்தும்விட்டேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. பந்தலில் யார் வந்து மைக் கேட்டாலும் ஓடுகிற பாட்டைச் சட்டென்று நிறுத்தமாட்டார். "சரணம் முடியட்டுங்க" என்பார். முடிந்த பிறகு குமிழைப் பிடித்து மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் மைக்கைக் கொடுப்பார். பெரிய மனுஷர்கள் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. அவர் சேர்த்த பாட்டுதான் இப்போது அந்த ஒயரில் போகிறது. கேட்டுக்கொண்டு போகிறவன் அவர் மகன். இத்தனை நாள் எனக்கு வருகிற போனை மட்டும்தான் நினைத்தேனே தவிர, அந்த ரயிலில் அவன் காதில் நின்றுபோன பாட்டை ஒரு நாளும் நினைக்கவில்லை.

ஒயரை விட்டுவிட்டு எழுந்தேன். போனில் அவன் படத்தை அழுத்தினேன்.

உடனே எடுத்தான். "அம்மா! என்னாச்சி? உடம்பு சரியில்லயா? அத்தைக்கு ஏதாவதா?"

"எல்லாம் நல்லாதான் இருக்கறோம்."

"பேட்டரி வேல செய்யலயா?"

"அது நல்லாதான் செய்யிது."

"அப்புறம்?"

என்ன சொல்வதென்று யோசித்துக் கூப்பிடவில்லை. வாசலில் விசிறிச் சத்தம் நின்றது. நாத்தனார் காதைக் கொடுத்துவிட்டாள்.

"சும்மாதான்டா" என்றேன். "உன் பாட்டு நின்னுச்சா?"

"போன் வந்தா பாட்டு தன்னால நின்னுடும்மா."

"அய்யோ. அப்ப வெச்சிடட்டா?"

"வெக்காத. நான் எறங்க இன்னும் நேரம் இருக்குதும்மா. இன்னிக்கு இன்னா கொழம்பு?"

சொன்னேன். முருங்கைக்காய் போட்ட சாம்பார். அந்த முருங்கைக்காய் விலையிலிருந்து ஆரம்பித்து எங்கெங்கோ போனோம். இறங்கும்போது, "மழ வரப்போவுதும்மா, கொட எடுத்தாரல" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

முதல் தடவை ஏதோ ஒரு வேகத்தில் கூப்பிட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவன் கூப்பிடட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. அவனுக்குத்தான் பேசத் தெரியாதே என்று இன்னொரு மனசு சொல்கிறது. இன்றைக்கும் உலை கொதித்துவிட்டது. ரயில் ஏறியிருப்பான். என் நாத்தனார் கூடத்துக்குப் போய் என் போனை எடுத்துவந்து, அடுப்பு மேடையில் உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தாள். இருக்கிற வேலையை எல்லாம் விட்டுவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள். துணி காய்ந்து நேற்றே எடுத்தாயிற்று.