மாலை போடாத கட்டவுட்

நான் பள்ளிக்கூட டீச்சர். ஆனால் என் அபிமான நடிகரின் படம் வந்தால், முதல் காட்சிக்கே திண்டுக்கல் தியேட்டரில் இருப்பேன். அவர் கட்டவுட்டுக்குப் போட நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை மாலையும் வந்துவிடும். இந்த முறை படத்துக்கு முன்னால், அவர் மனைவியை அடித்த செய்தி வந்துவிட்டது.

பழக்கதோஷத்தில் மாலையை வாங்கிவிட்டேன். "போடுங்க டீச்சர்!" என்று ரசிகர்கள் கத்தினார்கள். கை எழவில்லை. மாலையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

படத்தில் ஊரே எதிர்த்து நிற்க, நொண்டிக்கொண்டே வந்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்! என்னையறியாமல் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டேன்.

கூட வந்த நாத்தனார் முறைத்தாள். "பொண்டாட்டிய அடிச்சவனுக்கா மதினி விசிலு?"

"விசிலு நடிப்புக்குத்தேன். அந்தாளு என் வாசலுக்கு வந்தா வெளக்கமாறுதேன்!"

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். இடைவேளையில் மாலையைத் துண்டு துண்டாக அறுத்து, அவர்களுக்கெல்லாம் தலையில் வைக்கக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது கட்டவுட் வெறுங்கழுத்தோடு நின்றது. எங்கள் தலையெல்லாம் மல்லிகை. இன்றைக்கும் நான் அவர் ரசிகைதான். அடுத்த படத்துக்கும் முதல் காட்சிதான். பூ மட்டும் இனி எங்களுக்கு.