சந்திரமதியின் காய்ந்த பூக்கள்

காய்ந்த செவ்வந்தி ஒன்றைக் காதோரம் வைத்து விரலால் உரசிப் பார்க்கிறாள் சந்திரமதி. சரசரவென்றால் கொத்தில் சேரும். சத்தமில்லை என்றால் திரும்பவும் கம்பிக்கே போகும். கார் நிறுத்தும் இடம் முழுக்க ரோஜாவும் வாடாமல்லியும் தலைகீழாகத் தொங்குகின்றன. கார் நான்கு வருடமாகத் தெருவில் நிற்கிறது.

புதுவீடு வாங்குகிறவர்களின் கூடத்துக்குப் பூக்கொத்து கட்டித் தருவது அவள் தொழில். அதிகம் போவது லாலாங் கதிர்தான். ஊரே மருந்தடித்துக் கொல்லும் அந்தப் புல்லைச் சாலையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அறுத்து வருவாள். கல்யாணத்துக்குப் போனால் பெண்ணைப் பார்க்கமாட்டாள், மேடைப் பூவைத்தான் பார்ப்பாள். பந்தி முடிவதற்குள் அலங்காரக்காரரிடம் போய் நின்றுவிடுவாள். "தூக்கித்தானே போடப் போறீங்க, எனக்குக் குடுங்க லா." வெட்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

கணவர் சுகுமாறனுக்கு பாசிர் கூடாங் ஆலையொன்றில் இரவு ஷிப்ட். தங்கமான மனிதர், ஒன்றில் மட்டும் பிடிவாதம். காய்ந்த பூ நிலைப்படி தாண்டக் கூடாது. "காஞ்ச மாலைய செத்தவங்க படத்துலதான் பாத்திருக்கேன்" என்பார். ஊர் வீட்டுக்கெல்லாம் பூக்கொத்து கட்டுகிறவளின் கூடத்தில் பிளாஸ்டிக் ரோஜா. அதில் அவளுக்கு மனக்குறைதான். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன டிசம்பரில் ஷர்மினி என்ற பெண்ணின் கல்யாண மாலை காயவைக்க வந்தது. பூக்கடை வைத்திருந்த அவள் அப்பா, நோயில் கிடந்தபடியே மகளுக்குக் கட்டிய மாலை. கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அவர் போய்விட்டார். வாடாமல் குளிர்பெட்டியில் வைத்திருந்த மாலையை மாப்பிள்ளைதான் எடுத்து வந்தான். சிங்கப்பூர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டுமாம்.

மழை விட்டபாடில்லை. மூன்றாம் நாள் அடியிலிருந்த ரோஜாவில் வெள்ளையாகப் பூசணம். வேறு மாலையென்றால் புதிதாகக் கட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம்; இதற்கு எங்கே போவது? வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றுதான். பகலில் சுகுமாறன் ஏர்கோன் போட்டுத் தூங்கும் படுக்கையறை. பூசணம் பிடித்த பூவைக் கத்தரித்துவிட்டு, பூனைபோல் உள்ளே போய் மாலையை அலமாரிக் கைப்பிடியில் மாட்டினாள்.

மத்தியானம் கட்டில் கிரீச்சிட்டது. சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சுகுமாறன் உட்கார்ந்து மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே நாளுங்க. அந்தப் புள்ளைக்கு அவங்க அப்பா கட்டுன மாலை. இது கெட்டுப்போனா, திரும்பக் கட்டிக் குடுக்க அவரு இல்ல."

சுகுமாறன் எழுந்து அலமாரிக்கு அருகே போனார். வெளியே கொண்டுபோகச் சொல்லப் போகிறார் என்று அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சுகுமாறன் மாலையை உதிராமல் மெல்லத் திருப்பினார். அலமாரிப் பக்கம் ஈரமாக இருந்த பூக்களை ஏர்கோன் காற்றுக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார்.