மாப்பிள்ளைக் காரின் எண்ணெய்ச் சொட்டு

வீடு தேடிப் போய்க் கார் திருத்துகிறவனுக்கு, துருப்பிடித்த நட்டை விட உதவிக்கு வருகிறவர்களிடம்தான் பயம் அதிகம். இந்தத் தொழிலில் நொந்தவர்களுக்கு இது தெரியும்.

இரண்டு வேலை, ஒரே ஆள்

மருதமுனையில் பக்கத்து வளவு ஆதம்பாவா காக்காவின் காரில்தான் நான் அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால், பின்சில்லுகளுக்கு நடுவே அவற்றைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிபரன்ஷலின் கழுத்திலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. எண்ணெயை மறிக்கிற பினியன் சீல் போய்விட்டது. மாமனாராகப் போகிறவருக்கோ மெக்கானிக்குக்குப் பெண் கொடுப்பதில் அரை மனதுதான். ஒழுகுகிற காரில் போய் இறங்கினால் அந்த அரை மனதும் போய்விடும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன். காக்கா குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளையும் நீதான், மெக்கானிக்கும் நீதான். சுணங்கினா நான் ஆரோட கோவிக்கிற?"

சுண்ணாம்பு அடையாளம்

சீலை மாற்ற, தண்டின் நுனியிலுள்ள பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதைக் கூட இறுக்கினால் பேரிங் சூடேறிப் பிடித்துவிடும், குறைந்தால் ஊளையிடும். பழைய இடத்துக்கே திருகலாம் என்று, கழற்றுமுன் நட்டிலும் தண்டிலும் சுண்ணாம்பால் அடையாளம் வைத்தேன். நல்ல காலம், என்னிடம் புதுச் சீல் ஒன்று இருந்தது. அதன் தோல் விளிம்பு இளக எண்ணெயில் ஊறப்போட்ட நேரம் பார்த்து, முகம் வழிக்க ஒஸ்தா வந்துவிட்டார். பாதி வழித்த முகத்தோடு எட்டிப் பார்க்கிறேன்: என் ராத்தா நட்டை மண்ணெண்ணெயில் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறார். அடையாளத்தைக் காணோம். எனக்கு அழுகை வராத குறை.

"கலியாணக் காரில அழுக்குக் கிடக்கலாமா தம்பி? சுண்ணாம்பும் ஒட்டிக் கிடந்திச்சி, அதையும் சுரண்டித்தன்."

பெண் வீட்டு வாசல்

வேறு வழியில்லை. புதுச் சீலைப் பொருத்திவிட்டு, நட்டைக் கொஞ்சம் இறுக்குவது, தண்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது, மறுபடி இறுக்குவது. சரியான இறுக்கம் என் கைக்குப் பட்டதா, ஆசைக்குப் பட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காரில் கூட வந்தவர்கள் பைத் பாட்டுப் படிக்க, நான் கல்முனையைத் தாண்டும் வரை பின்சில்லுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் ஒழுகிய கதை எனக்கு முன்னே சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்ணின் தம்பி வழக்கப்படி செம்புத் தண்ணீரால் என் காலைக் கழுவினான். மாமனாராகப் போகிறவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே காருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அவர் டிபரன்ஷலின் கீழே மணலைத் தொட்டு, விரலை மூக்கில் வைத்துப் பார்த்து, மெல்ல நிமிர்ந்தார்.

"காஞ்ச மணல்தான். மாப்பிள்ளைய உள்ளுக்குக் கூட்டிப் போங்க."

எல்லாருடைய நிக்காஹ்வையும் லெப்பை முடித்து வைப்பார். என்னுடையதை அவருக்கு முன்பே டிபரன்ஷல் முடித்து வைத்துவிட்டது.