தேதி எழுதாத சீட்டுகள்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து மெசஞ்சர் வந்து வாசலில் நின்றார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணி ட்யூட்டி உங்களுக்குத்தாம்மா. சூப்பர்வைசர் ஞாபகப்படுத்தச் சொன்னாரு."

உள்ளே என் மகள் ரீத்தா வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எட்டு மணிப் பூசையில் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஞாயிறு எனக்கு வார விடுமுறை நாள். ஆனாலும் ட்யூட்டி எப்படி வந்தது என்று உடனே புரிந்துவிட்டது.

1. மாற்றுச் சீட்டு

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டு ஆபரேட்டராகச் சேர்ந்தேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆளின் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. ஹெட்செட்டை மாட்டினால் வரும்.

பெரும்பாலும் ஸ்பிளிட் ட்யூட்டி. காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வரலாம். முடியாத நாளில் ஒருவர் ட்யூட்டியை இன்னொருவர் பார்க்கலாம். அதற்கு ஒரு சீட்டு. தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசரிடம் கொடுத்தால் போதும்.

என்னோடு போர்டில் வேலை பார்த்த, சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ராஜம், அறுப்பு நாட்களிலும் வேலையை விடாமல் இருந்தது அந்தச் சீட்டால்தான். ரீத்தாவுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் என் ட்யூட்டியையும் மற்றவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு யார் கேட்டாலும் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ராஜம் கூசிக் கூசிக் கேட்பதும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒருநாள் ஐந்து வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"தேதிய நீயே போட்டுக்க."

"அக்கா, இத வச்சு உங்க சொத்தையே எழுதி வாங்கிடலாம் போலருக்கே!" என்று சிரித்தாள்.

ஒரு தேர்தல் நாளில், ராஜம் ஊரில் ஓட்டுப் போடட்டும் என்று, என் இரண்டு வேளைக்கும் நடுவில் அவள் பகல் ட்யூட்டியையும் பார்த்தேன். ஓட்டுச்சாவடி எங்கள் தெருக்கோடியில்தான் இருந்தது. நான் ஓட்டுப் போடவில்லை.

2. ஞாயிறு

சனிக்கிழமையே ஆபீசுக்கு ஓடினேன். ராஜம் தேதி போட்டுக் கொடுத்திருந்த சீட்டைச் சூப்பர்வைசர் காட்டினார்.

"கையெழுத்து உங்களுதுதானேம்மா?"

"ஆமாங்க சார்."

"ராஜத்தோட மாமனாருக்கு முடியலயாம். வேற ஆளும் இல்ல. ஏன், நாளைக்கு ஏதும் விசேஷமா?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன்.

நான் செய்த தவறு அதுதான். புதுநன்மையைப் பற்றி ராஜத்திடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் கணவர், "அவரே கேட்டுருக்காரு, வாயத் தொறக்கறதுக்கு என்ன?" என்றார்.

காலை எட்டு மணிக்குக் கோயில் மணி போர்டு வரை கேட்டது. "மெட்ராஸ் கெடைச்சுதாம்மா?" என்று ஒரு சந்தாதாரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ரீத்தா கவுனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோ எடுக்குறவரு அம்மாவ வரச் சொல்லுன்னாரு. ஸ்டெல்லா அத்தை வந்து நின்னாங்க" என்றாள். ஸ்டெல்லா பக்கத்து வீட்டுக்காரர். ரீத்தா அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

3. பத்தடி தூரம்

ஊரிலிருந்து திரும்பிய ராஜம் விஷயம் தெரிந்து கோபப்பட்டாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா? நான் என்ன பேயா, பிசாசா?" மிச்சமிருந்த இரண்டு சீட்டுகளை என் முன்னாலேயே கிழித்தாள்.

சூப்பர்வைசர் மேசை போர்டிலிருந்து பத்தடி. எழுந்து போக முடியவில்லை. போர்டில் இணைப்பு வயரைச் சொருகி அவர் போனுக்கு மணி அடித்தேன்.

"சார், போர்டுலேருந்து பேசுறேங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கதானம்மா இருக்கேன். எழுந்து வரலாமே?"

"வந்தா சொல்ல மாட்டேங்க சார். தேதி எழுதாம இனிமே கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த எலெக்‌ஷன் அன்னைக்குப் பகல்ல என்னால வேற யார் ட்யூட்டியும் பாக்க முடியாது. எனக்கும் ஓட்டு இருக்கு."

அவர் பேனாவை எடுத்தார்.

"எழுதிக்கிட்டேம்மா" என்றார்.

அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் சாயங்கால ட்யூட்டிக்குப் போனேன். அதன் பிறகும் பிறர் ட்யூட்டியைப் பார்த்தேன், என் ட்யூட்டியையும் கொடுத்தேன். அந்த வசதி இல்லாவிட்டால் ராஜமும் நானும் வேலையில் நிலைத்திருக்க மாட்டோம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்வது இதுதான்: உங்களுக்கு அது என்ன நாள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். விட்டுக்கொடுப்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.

புதுநன்மைப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ரீத்தாவின் தோளில் ஸ்டெல்லாவின் கை இருக்கிறது.