மயில் இல்லாத கோலம்

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தீபாவளிக்கு முன் லிஃப்டுக்கு எதிரே வண்ண அரிசியில் கோலம் போடுவார்கள். எல்லா வருடமும் மயில்தான். சில வருடம் இடப்பக்கம் பார்க்கும், சில வருடம் வலப்பக்கம். குடியிருப்புச் சங்கத் தலைவர் இணையத்திலிருந்து படத்தை இறக்கி, பெரிதாக அச்சடித்துக் கொடுப்பார். அதற்குள் அரிசியை நிரப்புவதோடு எங்கள் கலைப்பணி முடிந்தது.

இந்த வருடம் பொறுப்பு என் மனைவியிடம் வந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடமாக, சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வழியே பார்த்து, ஈயம் சரியாகப் பிடிக்காத இடங்களைக் குறிப்பது அவள் வேலை. கை நடுங்காது என்று தலைவர் நினைத்திருக்க வேண்டும்.

படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று நான் நான்கு புத்தகம் படித்திருக்கிறேன். படைத்தது ஒன்றுமில்லை, நான் எழுதும் இந்த மாதிரிக் கட்டுரைகளை அவள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மயில் படத்தை மேசையில் விரித்துவைத்து அவள் உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலே ஆலோசனை வழங்கினேன். உள்ளே இருப்பதை வெளியே விடு, தப்பாகிவிடுமோ என்று பயப்படாதே, இத்யாதி. தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே என்றாள். ஆனாலும் படத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"அப்ப எனக்குப் பிடிச்சதையே போடட்டுமா?"

புடவை வாங்கக்கூட என்னைக் கேட்காதவள். போடு என்றேன், பெருந்தன்மையாக.

லீவு எடுத்து, காலையிலிருந்து குனிந்தே இருந்தாள். சாயங்காலம் நான் இறங்கிப் போனபோது தரை முழுக்கப் பச்சை. அதன்மேல் மஞ்சள் அரிசிக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடி, சாய்வாகத் திரும்பி, வெள்ளைப் புள்ளிகளில் போய் நின்றன. அவள் தினமும் பார்க்கிற போர்டு, பிழையே இல்லாமல். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"மயில் எங்க?" என்றேன்.

கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, குளிக்க மேலே போனாள். தலைவர் பார்வையிட வருகிற நேரம். அவர் முகம் சுளித்தால் இவள் உடைந்துபோவாளே என்று எனக்குக் கவலை வந்தது. மிச்சம் கொஞ்சம் நீல அரிசி கிடந்தது. அவளைக் காப்பாற்ற, மூலையில் ஒரு சின்ன மயிலைச் சேர்த்தேன். என் கைக்கு அது வாத்தாகத்தான் வந்தது.

ஈரத் தலையோடு இறங்கி வந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மரபு, சமரசம் என்றெல்லாம் ஏதோ சொன்னேன்.

"பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்லா," என்றாள், குரலை உயர்த்தாமல். "கலைச்சிட்டு மயிலையே போட்டிருப்பேன்." துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

நான் படித்த நான்கு புத்தகத்திலும் இந்த இடத்துக்கு ஒரு வரி இல்லை. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். விடுங்க என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள், சாப்பாட்டுப் பொட்டலங்களோடு லிஃப்டுக்கு வந்தார்கள். மேல்மாடிக்காரர்கள். ஒருத்தி அப்படியே குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, இது நம்ம போர்டுலா."

மற்றவள் விரலைக் காற்றில் நகர்த்தி ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து போனாள். மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. "இங்க மட்டும் ஷார்ட் ஆவுதுக்கா. வாத்து ரெண்டு லைன் மேல படுத்திருக்கு. யாரு வேலை இது?"

என் மனைவி முகவாயால் என்னைக் காட்டினாள். மூவரும் என்னைப் பார்த்த பார்வையில், திருப்பி அனுப்பப்படுகிற சரக்கு என்ன பாடுபடும் என்று எனக்குப் புரிந்தது. "ரிஜெக்ட் பண்ணிருங்கக்கா," என்றாள் குந்தியிருந்தவள். "ஆள இல்ல, வாத்த."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கெடுத்தவர்தான் சரிசெய்ய வேண்டுமாம், ஃபேக்டரி வழக்கம். ஒரு டீஸ்பூனை என் கையில் கொடுத்தாள்.

மண்டியிட்டு நீல அரிசியை அள்ளிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்து, மயில் எங்கே என்று கேட்டார். மிகவும் புத்திசாலித்தனமான கேள்வியாகத்தான் அதை அவரும் நினைத்திருப்பார்.

"இந்த வருஷம் மயில் இல்லண்ணே," என்றேன் தரையிலிருந்தபடியே. "இது என் மனைவி போட்டது. நல்லாருக்கு."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அப்படியானால் இது என்னம்மா என்று அவளைக் கேட்டார். அவள் அவரைக் கோலத்தின் இன்னொரு முனைக்குக் கூட்டிப்போய், மின்சாரம் நுழைகிற இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கோடு எங்கே போகிறது, ஏன் அங்கே திரும்புகிறது, எது தொட்டால் எது சாகும். தன் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில், இது என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதும் இல்லை. தலைவர் தலையாட்டிக்கொண்டே அவள் பின்னால் போனார். நான் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லிக்கொண்டே போனவள், திரும்பிப் பார்க்காமலே, "முட்டி பச்சை மேல படுது, தள்ளி உக்காருங்க," என்றாள்.