நியாய விலைக்கும் கொசுறு

காஹாங் ஊருக்குப் பக்கத்தில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் கிராமத்துக் கோயில் மண்டபத்தில் கூடி, இனி விவசாயிகளிடம் அவர்கள் சொல்லும் விலைக்கே நேரடியாக வாங்குவது, பேரம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம். மாதர் குழுத் தலைவி புஷ்பா அக்கா நியாய வணிகம் பற்றி உருக்கமாகப் பேசினார். அடுத்த கம்பத்தில் மிளகு பயிரிடும் செல்வியை மேடையேற்றி, மாலை போட்டுக் கைதட்டினோம்.

கூட்டம் முடிந்ததும் செல்வி மண்டப வாசலில் மிளகு மூட்டையைப் பிரித்தார். முதல் ஆளாக வாங்கிய புஷ்பா அக்கா, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

“கொசுறு தானே லா! விலைய நாங்க குறைக்கலையே!”

அவ்வளவுதான். பின்னால் நின்ற அத்தனை பேரும் அள்ள ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். சற்றுமுன் கைதட்டிய அதே கைகள்! போதாக்குறைக்கு என் நாத்தனார், “உங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன் அண்ணி” என்று என் பையில் ஒரு பிடியைப் போட்டாள்.

அதை அப்படியே மூட்டையில் திருப்பிக் கொட்டினேன். செல்வி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

“பசார்ல பேரம் பேசுவாங்க அக்கா. ஆனா யாரும் மூட்டையில கை வைக்க மாட்டாங்க.”

நாங்கள் போட்ட மாலை அப்போதும் அவர் கழுத்தில்தான் இருந்தது.

இப்போதெல்லாம் காய்கறிக்காரர் பழக்கதோஷத்தில் கறிவேப்பிலையைச் சும்மா நீட்டினாலும், “அதையும் நிறுத்துப் போடுங்க அண்ணே” என்கிறேன். நாத்தனார் என்னோடு கடைக்கு வருவதே இல்லை. நிம்மதி.